கோவாத் தோட்டமும் சிவப்புக் கூரைகளும்

கமீய் பிஸாரோ 1877இல் வரைந்த 'சிவப்புக் கூரைகள்' பாரிஸில், ஓர்சே அருங்காட்சியகத்தின் சொத்து. இம்ப்ரெஷனிச ஓவியங்களுக்கான, அதாவது மாறும் வெளிச்சத்தைச் சின்னத் தூரிகைத் தடங்களால் பிடிக்கப் பார்த்த ஓவியங்களுக்கான, ஐந்தாம் மாடிக்கு ஏறுகிறவர்கள் அநேகமாக மொனேயையும் ரெனுவாரையும் தேடித்தான் போகிறார்கள். இந்தப் படம் அவர்களைக் கூப்பிட்டு நிறுத்துவதில்லை. அகலம் 65 சென்ரிமீற்றர் சொச்சம், உயரம் 54 சொச்சம், அவ்வளவுதான். முகம் இல்லை, படகு இல்லை, பூ இல்லை. ஆனால் இம்ப்ரெஷனிசக் காலத்தில் நாட்டுப்புற வீடுகளை வரைந்த படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று யாராவது சொன்னால், யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன். ஏன் என்று எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

குளிர்காலம். இலை முழுக்கக் கொட்டிய பழமரங்கள் முன்னால் நிற்கின்றன. அவற்றின் கொப்புகளுக்குள்ளால், ஒரு மேட்டின் அடிவாரத்தில், நெருக்கமாகச் சில வீடுகள் தெரிகின்றன. வெள்ளையும் மஞ்சளும் கலந்த சுவர்கள். ஓட்டுக் கூரைகளில் சில செம்மஞ்சள், சில தவிட்டு நிறம், ஒன்றிரண்டு நீலம் பூத்த சாம்பல். பின்னால் மேடு, பச்சையும் மஞ்சளுமாக மேலேறிப் போகிறது. அதற்கும் மேலே கொஞ்சமாக வானம். நாங்கள் நிற்பது தெருவில் அல்ல, பழத்தோட்டத்துக்குள்.

முதலில் கண்ணில் படுவது மரம்தான். வீட்டைப் பார்க்கலாம் என்று கண் உள்ளே போனால் ஒரு தண்டு தடுக்கும். விலகிப் போனால் ஒரு கொப்பு குறுக்கே வரும். இரண்டு கொப்புகளுக்கு இடையில் கூரையின் ஒரு துண்டு கிடைக்கும், அடுத்த இடைவெளியில் புகைக்கூண்டு, அதற்கடுத்ததில் சன்னலின் ஒரு பாதி. வீட்டின் முழு உருவத்தை ஓவியர் எங்களுக்குத் தரவில்லை. துண்டு துண்டாகப் பொறுக்கி நாங்கள்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை மருமகளைக் கூட்டிக்கொண்டு போனேன். இங்கே பிரான்ஸிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கேட்டாள்.

"மாமா, வீட்டை மறைச்சுக்கொண்டு ஏன் இவ்வளவு மரம்? ரெண்டடி தள்ளி நிண்டு கீறியிருக்கலாம்தானே?"

"தள்ளி நிண்டிருந்தால் வீடு வடிவாத் தெரிஞ்சிருக்கும், பிள்ளை. ஆனா நீ இவ்வளவு நேரம் நிண்டிருக்க மாட்டாய்."

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தாள். பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

கிட்டப் போனால் கூரை காணாமல் போய்விடும். மிஞ்சுவது சாயம். சிவப்புக் கூரை என்று தூரத்தில் நம்பிய இடத்தில் செம்மஞ்சள், ரோசா, தவிடு, நடுநடுவே ஊதா என்று சின்னச் சின்னத் தூரிகைத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கின்றன. அடியில் பூசியது காய்ந்த பிறகு அதன் மேட்டுப் பள்ளத்தின்மேல் இன்னொரு நிறத்தை இழுத்திருக்கிறார். மேட்டில் மட்டும் புது நிறம் ஒட்டியிருக்கிறது, பள்ளத்தில் பழையது தெரிகிறது. கொப்புகளை ஒரே கோடாக இழுக்கவில்லை. பின்னாலுள்ள சுவரின் வெள்ளை கொப்பின்மேல் ஏறி வந்து, கொப்பின் தவிட்டு நிறம் மறுபடி வெள்ளையின்மேல் ஏறுகிறது. மரம் முன்னால், வீடு பின்னால் என்பது தூரத்தில் நின்றால்தான் உண்மை. கிட்ட நின்றால் இரண்டும் ஒரே பரப்பில் முண்டியடிக்கின்றன. கூரையின் சிவப்பு முன்னால் இருக்கும் மண்ணுக்குள்ளும் புதர்களுக்குள்ளும் இறங்கி வந்திருக்கிறது. மேட்டின் பச்சை கீழே புல்லிலும் இருக்கிறது. கண்ணை அலைய விடுவது மரம் என்றால், அலைந்த கண்ணைக் கூட்டிச் சேர்ப்பது இந்தச் சிவப்பும் பச்சையும்.

சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் நீலம் என்று எதிர்நிறங்களை அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் கூடுதலாகத் துலங்கும். சாய வேதியியலாளர் செவ்ரல் இதை 1839இலேயே விரித்து எழுதியிருந்தார். பிஸாரோ காலத்து ஓவியர்கள் அதை அறிந்திருந்தார்கள். இன்னொரு வசதியும் வந்திருந்தது. எண்ணெய்ச் சாயத்தைத் தகரக் குழாயில் அடைத்து விற்கும் முறையை ஜோன் ராண்ட் 1841இல் கண்டுபிடித்த பிறகு, சாயத்தை வெளியில் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் நின்று வரையலாம் என்றாயிற்று. நிழல் என்றால் கறுப்பும் தவிடும் என்ற பழக்கத்தை பிஸாரோ விட்டார். தன்னோடு சேர்ந்து வரைந்த இளைய ஓவியர் செசானையும் விட வைத்தார். இந்தப் படத்தின் நிழல்களில் நீலமும் ஊதாவும்தான். குளிர்கால வெயில் சாய்வாக விழும்போது பாரிஸைச் சுற்றிய ஊர்களில் நிழல் நிசமாகவே நீலமாக இருக்கும். வெக்கை நாட்டில் வளர்ந்த எனக்கு அதை நம்ப இங்கே சில குளிர்காலங்கள் தேவைப்பட்டன.

பிஸாரோவும் வெக்கைத் தீவில் பிறந்தவர்தான். 1830இல், கரிபியன் கடலில் அப்போது டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த சென். தோமஸ் தீவில், கடை வைத்திருந்த யூதக் குடும்பத்தில் பிறந்தார். பன்னிரண்டு வயதில் படிப்புக்காக பாரிஸ் பக்கம் அனுப்பினார்கள். திரும்பிப் போய்க் கடையில் நின்றார், துறைமுகத்தை வரைந்தார், ஓர் ஓவிய நண்பரோடு வெனிசுவேலாவுக்குப் புறப்பட்டுப் போனார். 1855இல் பிரான்ஸுக்கு நிரந்தரமாக வந்து சேர்ந்தார். கடைசி வரைக்கும் அவருடைய குடியுரிமை டென்மார்க்குடையதாகவே இருந்தது. பிரெஞ்சு ஊர்ப்புறத்தை இவ்வளவு பொறுமையாகப் பார்த்த மனிதர் காகிதத்தில் வெளிநாட்டவர். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் தெருக்களில் எங்கள் ஆட்களுக்கு நடுவில் நடக்கும்போது சில வேளை இது நினைவுக்கு வரும். ஓரிடத்தில் பிறந்தவருக்குப் பழகிப்போன வெயில், வந்து சேர்ந்தவருக்குப் பாடமாகிறது. ஓரிடத்தை உற்றுப் பார்க்க அந்த இடத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

1870இல் பிரஷ்யப் படை வந்தபோது பிஸாரோ லூவ்சியேன் என்ற ஊரில் இருந்தார். குடும்பத்தோடு லண்டனுக்குத் தப்பினார். திரும்பி வந்து பார்த்தால், படையினர் தங்கியிருந்த வீட்டில் படங்கள் பெரும்பாலும் அழிந்திருந்தன. சேறான தோட்டத்தில் கால் வைத்து நடக்க ஓவியங்களைப் பரப்பியிருந்தார்கள். ஏறக்குறைய 1500இல் 40 அளவே மிஞ்சின என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நாற்பது வயது மனிதர், பதினைந்து இருபது வருட உழைப்பு. அதற்குப் பிறகு 1872இல் பொந்துவாஸுக்குக் குடிபோய் மறுபடி தொடங்கினார். 'சிவப்புக் கூரைகள்' அந்த இரண்டாவது வாழ்க்கையில் வந்த படம்.

பொந்துவாஸ் பாரிஸிலிருந்து வடமேற்கே கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர். உவாஸ் ஆற்றின் கரையில், மேட்டில் எழும்பிய பழைய பட்டணம். அதன் ஓரத்திலுள்ள லெர்மிதாஜ் என்ற பகுதியில்தான் பிஸாரோ பெரும்பாலும் வரைந்தார். அந்தக் காலத்தில் அது தோட்டக்காரரின் இடம். அங்கே விளைந்த மரக்கறி பாரிஸ் சந்தைக்குப் போனது. கோவாவுக்கு, முட்டைகோஸுக்கு, அந்த ஊர் பேர் பெற்றது. இலை சுருண்டு கரடுமுரடாக, ஓரத்தில் ஊதா படர்ந்து, உறைபனியைத் தாங்கி நிற்கும் பொந்துவாஸ் கோவா என்ற இனத்தின் விதையை இன்றும் பிரான்ஸில் வாங்கலாம்.

இந்த ஓவியருக்குக் கிடைத்த வசவுகளில் எனக்கு மறக்க முடியாதது கோவாவைப் பற்றியதுதான். 1874 ஏப்ரலில், நடார் என்ற புகைப்படக்காரரின் பழைய ஸ்ரூடியோவில், பிற்காலத்தில் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று அழைக்கப்பட்டவர்கள் முதல் கண்காட்சியை வைத்தார்கள். பகடி எழுதிய லூயி லெரோய், பிஸாரோவின் 'வெண்பனி' படத்தைப் பார்த்து, அழுக்குத் துணியில் சாயத்தட்டைச் சுரண்டிப் பூசியிருக்கிறது என்ற கருத்தில் எழுதினார். அது எதிரியின் பேச்சு, போகட்டும். இந்தக் குழுவை ஆதரித்து எழுதிய விமர்சகர் கஸ்தானியாரிகூட பிஸாரோவைப் பற்றி ஒன்றைக் குறைப்பட்டார். மனிதருக்கு மரக்கறித் தோட்டங்களில் ஒரு வருந்தத்தக்க விருப்பம் இருக்கிறது, கோவாவை வரையக்கூட அவர் பின்வாங்குவதில்லை என்றார்.

எங்கள் வீட்டில் தோட்டம் செய்தார்கள். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயம், மிளகாய், போகத்துக்குப் போகம் கோவா. அதனால் அந்த வரியை நான் முதன்முதல் படித்தபோது ஓவியருக்காக மட்டும் கோபம் வரவில்லை. கோவா வரையத் தகாத பொருள் என்றால், அதை நட்டவளின் முதுகும் அப்படித்தான். பிஸாரோ அந்தக் கோட்டைத் தாண்டியவர். அவருடைய படங்களில் பெண்கள் குனிந்து களை பிடுங்குகிறார்கள், வண்டியில் பசளை போகிறது, கொப்பு வெட்டிய பழமரம் நிற்கிறது. அவர்களைப் பார்த்து அவர் உருகவுமில்லை, அவர்களைப் பெரிய சிலைகளாக நிறுத்தவுமில்லை. வேலை நடக்கிறது, வெளிச்சம் விழுகிறது. அதே ஆற்றங்கரையில் தொழிற்சாலைப் புகைக்கூண்டு எழும்பியபோது 1873இல் அதையும் வரைந்தார். மறைக்கவில்லை.

குடிசை ஓவியம் என்று இன்று பொதுவாக விற்கப்படுவது வேறு சாமான். ஓடை, ஓடைக்கு மேல் ஒரு சின்னப் பாலம், ரோசாப்பூ படர்ந்த சுவர், கூரையிலிருந்து மெல்லிய புகை, சன்னலில் மஞ்சள் விளக்கு. எங்கள் ஊரில் காலண்டர்களில் பார்த்து வளர்ந்த அதே காட்சி. இப்போது 'இம்ப்ரெஷனிசப் பாணி' என்ற பெயரோடு இணையக் கடைகளில் துணியில் அச்சடித்து விற்கிறார்கள். வரவேற்பறையில் மாட்டி வைத்து அதைப் பார்த்து ஆறுதல் கொள்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் சொந்தத்திலும் அப்படி மாட்டிய வீடுகள் உண்டு. ஆனால் அந்தக் குடிசைகளில் யாரும் வேலை செய்வதில்லை. புகை வருகிறது, விறகு யார் பிளந்தார்கள் என்று தெரியாது. பாதையில் சேறு இல்லை. அந்த வீடு பார்க்கிறவருக்காகவே கட்டப்பட்டு, பார்க்கிறவரை நோக்கியே திரும்பி நிற்கிறது. 'சிவப்புக் கூரைகள்' படத்தின் வீடுகள் எங்களைச் சட்டை செய்யவில்லை. கூட்டமாகத் தங்கள் பாட்டில் இருக்கின்றன, முன்னால் தோட்டத்து மரங்கள், அதற்கு வெளியே நாங்கள். ஒரு வீட்டுக்கு ஓவியர் காட்டக்கூடிய மரியாதை இதுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். உள்ளே நடப்பது எனக்குத் தெரியும் என்று அவர் பாவனை செய்யவில்லை.

உள்ளே நடப்பது அவருக்குத் தெரியாமலும் இல்லை. மனைவி ஜூலி வெலே பர்கண்டியின் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவரின் மகள். பிஸாரோவின் தாய்வீட்டுக்கு வேலைக்காரியாக வந்தவர். தாய் அந்த உறவை ஏற்கவில்லை. பிள்ளைகள் பிறந்த பிறகு, லண்டனில் தஞ்சமிருந்த 1871இல்தான் குரொய்டனில் பதிவுத் திருமணம் நடந்தது. படம் விற்காத மாதங்களில் குடும்பம் சாப்பிட்டது பெரும்பாலும் ஜூலியின் கைப்பாட்டால். மரக்கறி நட்டார், கோழியும் முயலும் வளர்த்தார். முதல் கண்காட்சி நடந்த அதே 1874 ஏப்ரலில் அவர்களுடைய மகள் மினெத் இறந்துபோனாள், ஒன்பது வயது நிரம்பவில்லை. கஸ்தானியாரி கோவாவைக் குறை சொன்ன அந்த மாதத்தில் அந்த வீட்டில் நடந்தது இது.

1877 குளிர்காலமும் வறுமையோடுதான் கழிந்தது. அடுத்த வருடம், பிஸாரோ படங்களை வாங்கி வைத்திருந்த வணிகர் ஓஷேதே நொடித்துப்போய் அவருடைய சேகரிப்பு ஏலத்துக்கு வந்தபோது, பிஸாரோவின் படங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. பேஸ்ட்ரிக் கடைக்காரர் மியூரே, பிஸாரோ படத்தைச் சீட்டுக் குலுக்கலில் வைத்தார் என்றும், சீட்டு விழுந்த வேலைக்காரப் பெண் படத்துக்குப் பதிலாக ஒரு கிறீம் பணிஸ் தர முடியுமா என்று கேட்டாள் என்றும் ஒரு கதை உண்டு. கதையாகவே இருக்கட்டும். அந்தப் பெண்ணை நான் தவறாக நினைக்கவில்லை, பசியோடு வேலை செய்தவளாக இருந்திருப்பாள்.

செசானைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது. பிஸாரோவைவிட ஒன்பது வயது இளையவர். 1872இல் பொந்துவாஸுக்கு வந்தார், பிஸாரோவின் லூவ்சியேன் படமொன்றை இரவல் வாங்கி அப்படியே பிரதி வரைந்து பழகினார். பிறகு இருவரும் ஒரே தோட்டத்தில், ஒரே மேட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வரைந்தார்கள். 1877இன் வசந்தத்தில் பிஸாரோ வரைந்த 'மரக்கறித் தோட்டமும் பூத்த மரங்களும்' படத்தையும், அதே இடத்தை செசான் வரைந்த மொபுயிசோன் தோட்டப் படத்தையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு மனங்கள் ஒரே காட்சியில் வேலை செய்வது தெரியும். பிஸாரோவுக்குப் பூ முக்கியம், பூவின்மேல் அலையும் வெளிச்சம் முக்கியம். செசானுக்கு வீட்டுச் சுவரின் முகமும் மேட்டின் கட்டுமானமும் முக்கியம். இருவரும் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஊர்க்காரர் ஒருவர், மிசியே பிஸாரோ குத்திக் குத்தி வைக்கிறார், மிசியே செசான் அப்புகிறார் என்றாராம். 'சிவப்புக் கூரைகள்' படத்தில் எனக்கு இரண்டும் தெரிகின்றன. புல்லிலும் கொப்பிலும் குத்தல், சுவரிலும் கூரையிலும் அப்பல். ஆசிரியர் மாணவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அது என்று நினைக்கிறேன். பிஸாரோவுக்கு அதில் வெட்கம் இருந்ததில்லை. எட்டு இம்ப்ரெஷனிசக் கண்காட்சிகளிலும், 1874 முதல் 1886 வரை, விடாமல் பங்கெடுத்த ஒரே ஓவியர் அவர்தான். வயதில் மூத்தவர்களில் ஒருவராக இருந்தும் கடைசி வரை இளையவர்களிடம் கற்றார்.

இந்தப் படம் ஓர்சேக்கு வந்தது ஒரு நண்பரால். குஸ்தாவ் கய்போத், தானும் ஓவியர், வசதியுள்ளவர், மற்றவர்களின் படங்களை அவர்கள் கஷ்டத்தில் இருந்தபோது வாங்கினார். தன் சேகரிப்பு அரசுக்குப் போக வேண்டும், மேல்மாடத்திலோ மாகாண அருங்காட்சியகத்திலோ போட்டு வைக்கக் கூடாது, முதலில் பாரிஸின் லுக்ஸம்பூர்க் அருங்காட்சியகம், பிறகு லூவ்ர் என்று 1876இலேயே உயில் எழுதினார். 1894இல் 45 வயதில் இறந்தார். அரசு இழுபறிப்பட்டது. கல்விக்கழக ஓவியர் ஜெரோம், மனேயையும் பிஸாரோவையும் பெயர் சொல்லி, இந்தக் குப்பையை அரசு ஏற்பது ஒழுக்கக் கேடு என்று சீறினார். கடைசியில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தார்கள். பதினெட்டு பிஸாரோக்களில் ஏழு. அந்த ஏழில் 'சிவப்புக் கூரைகள்' ஒன்று. மற்றப் பதினொன்றையும் நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. கதவு வரைக்கும் வந்த பொருளைத் திருப்பி அனுப்பினார்கள்.

பொந்துவாஸுக்குப் போக விரும்பினால் சுலபம். கார் து நோரில் எச் வழித்தட ரயில் ஏறினால் நேரே கொண்டுபோய் விடும். லாச்சப்பலில் சாமான் வாங்கப் போகும் எங்கள் ஆட்களுக்குக் கால்நடைத் தூரத்தில் இருக்கும் ஸ்ரேசன் அது. நான் போனது பெப்ரவரியில், வேண்டுமென்றே. ஆற்றோரமாக லெர்மிதாஜ் பக்கம் நடந்தால் மேடு அப்படியே இருக்கிறது. ஓட்டு வீடுகள் உண்டு, முன்னால் கார்கள் நிற்கின்றன, இடையில் புது வீடுகளும் முளைத்திருக்கின்றன. மேட்டில் ஏறும் ஒடுங்கிய பாதைகளில் மதிலுக்கு மேலால் ஒரு வளவு தெரிந்தது. குளிருக்குப் பழுத்து மடங்கிய வெங்காயத்தாள், கறுத்துப்போன தக்காளித் தடிகள், ஒரு வரிசை கோவா. ஒரு பெரியவர் கையுறை போட்டுக்கொண்டு காய்ந்த கொப்பு வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "போன்ஜூர்" சொல்லிவிட்டுத் திரும்ப வேலையைப் பார்த்தார். பிஸாரோ எந்த இடத்தில் நின்றார் என்று தேடுவதை அங்கேயே விட்டுவிட்டு, கூரைகளின் நிறத்தை எண்ணத் தொடங்கினேன். வெயில் சரிந்த நேரத்தில் சிவப்பு என்று சொல்லக்கூடிய கூரை ஒன்றுகூட இல்லை. ஈரம் பட்ட பக்கம் ஊதா, வெயில் பட்ட பக்கம் செம்மஞ்சள், பாசி பிடித்த அடிப்பக்கம் பச்சை.

இந்தப் படத்துக்கு ஒரு கூடப்பிறந்த படமும் உண்டு. அதே 1877, அதே லெர்மிதாஜ், அதே போல மரங்களுக்குள்ளால் தெரியும் வீடுகள். 'கோத் தே பெஃப்' என்று அந்தச் சரிவின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. உயரம் 115 சென்ரிமீற்றர் அளவு, அதாவது 'சிவப்புக் கூரைகள்' போல இரண்டு மடங்குக்கும் மேல். குடும்பத்தின் கையிலேயே நெடுநாள் இருந்துவிட்டு இப்போது லண்டன் நஷனல் கலரியில் இருக்கிறது. இதில் ஆட்கள் உண்டு. இடப்பக்கம், மரத்தண்டுகளுக்கு நடுவில், பாதையில் இரண்டு பேர் எங்களைப் பார்த்தபடி நிற்கிறார்கள். முதல் பார்வையில் தெரியவே மாட்டார்கள், சாயத்தோடு சாயமாக இருப்பார்கள். லண்டனில் இருக்கிறவர்கள் போய்ப் பாருங்கள், நுழைவுக்குக் காசு இல்லை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் அந்த இரண்டு பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.